பெட்ரோல் மூடி

நைட் டூட்டி முடிந்து ஸ்டான்லியிலிருந்து
நேரே வீட்டுக்குப் போகவில்லை.
கைப்பையில், காலி டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில்
ஹெரால்டின் பெட்ரோல் மூடி.
கலர் கலக்குகிறவரிடம் காட்ட வேண்டும்.
வண்டியையே காட்டலாம்தான்;
அது மூன்று மாதமாகச் செங்கல் மேல் நிற்கிறது,
முன்சக்கரம் இல்லாமல்,
பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் சந்து முனையில்,
தண்ணி லாரிக்காரரிடம் தினம் ஒரு பேர் வாங்கிக்கொண்டு.

சிங்கிள் ஓனர் வண்டி என்றுதான் விற்றார்கள்.
எண்பதாம் நம்பர் உப்புத்தாளுக்குப் பொய் தெரியாது.
உடம்பெல்லாம் நீலத்துக்குக் கீழே சாம்பல் பிரைமர்,
இடது கதவில் மட்டும் கிளிப்பச்சை.
வேறெந்த ஹெரால்டோ எங்கேயோ
ஒரு கதவில்லாமல் நின்றிருக்கிறது.

உப்புக்காற்று தின்ற இடத்தை
உப்புத்தாளால் தேய்க்கிறேன்.
எண்பது, இருநூற்றிருபது, நானூறு,
அப்புறம் தண்ணீர் தொட்டு ஆயிரம்.
விரல் ரேகை போய்விட்டது.
ஆஸ்பத்திரி வாசலில் வருகைப்பதிவு மிஷின்
மூன்று முறை என்னை யாரென்று கேட்கிறது.
பட்டி காய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு
உள்ளங்கையால் தடவ வேண்டும், மேடு பள்ளம்
அப்போதுதான் அகப்படும்.
சின்னக் கீறலுக்கு ரெண்டு எம்எல் சிரிஞ்சு
(காசு கொடுத்து வாங்கியது, வார்டிலிருந்து இல்லை).
ஒரு சொட்டு விட்டால் போதும்,
மிச்சத்தைக் கீறலே இழுத்துக்கொள்ளும்.

தஸ்தகீர் மூடியைத் திருப்பிப் பார்த்தார்.
ரப்பர் வாஷரை நகத்தால் நெம்பினார். அடியில்
வெயில் படாத ஒரு வளையம், மை மாதிரி நீலம்.
மேலே இன்றைய நீலம், பழைய லுங்கி.
"எது வேணும் சிஸ்டர்?
பொறந்தப்போ இருந்த கலரா, இப்ப இருக்கிற கலரா?"
எத்தனையோ கேஸ் ஷீட்டில் வயது எழுதியிருக்கிறேன்,
யாரையும் இப்படிக் கேட்டதில்லை.

இப்ப இருக்கிறது, என்றேன்.
"அதான் கஷ்டம்."
நீலத்தில் கொஞ்சம் வெள்ளை, ஒரு துளி மஞ்சள்,
குச்சி நுனியில் கறுப்பு.
அட்டையில் தடவி, வாசலுக்குப் போய்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி கறுப்பு.
"ஹார்பர் கரி, எண்ணூர் சாம்பல், எல்லாம் போட்டாச்சு"
என்றார். சிரிக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம். வாடகைக் கம்ப்ரசர்.
தூசி எழும்பாமல் தரையை நனைத்தேன்,
கண்ணாடிகளுக்குப் பேப்பர் ஒட்டினேன்,
நாய்களை விரட்டினேன்.
மாடியில் அமுலு வீட்டுத் துணிக்கொடியை
யோசிக்கவே இல்லை.
அவள் போட்ட சத்தம்
கொருக்குப்பேட்டை கேட் வரைக்கும் போயிருக்கும்.
பிள்ளையின் யூனிபார்ம் சட்டை மூன்று,
மூன்றிலும் கொசு கடித்தாற்போல் நீலப் பொட்டு.
தின்னரில் துடைத்தேன், பொட்டு திட்டானது.
இரண்டு சட்டைக்குப் பணம் கொடுத்தேன்.
மூன்றாவதைத் தர்ஷன் விடவில்லை.
"நல்லா கீதும்மா."

ராத்திரி தெருவிளக்கில் பார்த்தேன்,
கதவும் உடம்பும் ஒரே நீலம்.
காலை வெயில் சாய்ந்து விழுந்ததும்
கதவு தனியாக நின்றது.
கொஞ்சம்தான். காசிமேட்டுப் பக்கமிருந்து வந்தால் தெரியும்,
பஸ் ஸ்டாப் பக்கமிருந்து வந்தால் தெரியாது.
சக்கரம் மாட்டியதும்
இடது கதவு சுவரை ஒட்டி இருக்கும்படி நிறுத்தினேன்.
யாரும் ஏறவோ இறங்கவோ முடியாது, போகட்டும்.

ஒரு மாதம் போயிருக்கும். பள்ளிக்குக் கிளம்பியவன்
சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நுழைந்து
சட்டை நுனியைக் கதவில் வைத்துப் பார்த்தான்.
வெளியே வந்து பானெட்டில் வைத்துப் பார்த்தான்.
"ஆண்ட்டி, இங்க கரெக்டா கீது."
நாலைந்து துவையலில் பொட்டு
வெளுத்துப்போய், பானெட்டின் நிறத்துக்கு
வந்திருந்தது.

அன்றைக்கே வண்டியைத் திருப்பினேன்.
இடது கதவு இப்போது கிழக்கே, முழு வெயிலுக்கு.
சந்து இன்னும் இரண்டடி குறுகிவிட்டது.
தண்ணி லாரிக்காரர்
புதுசாக ஒரு பேர் வைத்திருக்கிறார், எனக்கு.